மோதிர விரலுக்கு ஒரு மேடு

லிஃப்ட் பொத்தானை வரியக்கா மோதிர விரலால்தான் அழுத்துவார். அதுவும் வலது கை மோதிர விரலால். அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விநாடி நிற்பார். பின்னால் நிற்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வார்கள். கதவு திறந்து, மூடப் போகும் நேரத்தில் கண் விழித்து என்னைப் பார்த்து, "இது தெரியுதுடி. நல்லாவே தெரியுது. இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா போதும்" என்பார். அதற்குள் லிஃப்ட் போயிருக்கும். நான் படியேறிப் படியேறி இரண்டு கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

லிஃப்டோடு நின்றதா? பேனாவின் பின்பக்கக் குமிழ், டார்ச் லைட், டிவி ரிமோட், பல் மருத்துவர் வீட்டு அழைப்பு மணி எல்லாவற்றையும் அந்த ஒரே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டார். பல் மருத்துவர் கதவைத் திறந்து "என்னம்மா, வலியா?" என்று கேட்க, "இல்லைங்க டாக்டர், உங்க மணி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவரை என்னவென்று சொல்வது! நான் மாடிப்படித் திருப்பத்தில் மறைந்து நின்றேன்.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ரகம். வரியக்கா என்பது அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர். மேடையில் ஒருவர் பேசப் பேச, அதை அப்படியே பக்கத்துத் திரையில் எழுத்து வரிகளாக ஓடவிடுவதுதான் எங்கள் வேலை. காது கேட்காதவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் வரி வசூலிக்கும் அலுவலகமாக்கும் என்று முகத்தைச் சுருக்கினால், "ஆமா, ஆளுக்கு ரெண்டு வரி. அதுக்கு மேல திரையில இடமில்ல" என்று அக்கா சிரிப்பார்.

இந்த வேலையை ஒருவராகச் செய்ய முடியாது, கை கழன்றுவிடும். பதினைந்து நிமிடம் அவர், பதினைந்து நிமிடம் நான். ஒன்பது வருடமாக ஒரே மேசை. என் கூடப்பிறந்தவளோடுகூட நான் இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் உட்கார்ந்ததில்லை. அக்கா உட்காருவதற்கே ஒரு முறை உண்டு. முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார். கைக்குட்டையால் கீபோர்டை வலமிருந்து இடமாக ஒரு துடை. பிறகு பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துணியை எடுத்து நான்காக மடித்துக் கீபோர்டுக்கு அடியில் விரிப்பார். நாங்கள் உட்காருவது மேடை ஓரத்தில், மைக்குக்குப் பக்கத்தில். துணி இல்லாவிட்டால் நாங்கள் தட்டுவது மேசை வழியே ஏறி ஒலிபெருக்கியில் குதிரை ஓடுவதுபோல் கேட்கும்.

தட்டும்போது அவர் கீயையும் பார்க்கமாட்டார், திரையையும் அதிகம் பார்க்கமாட்டார். முன்வரிசை முகங்களைத்தான் பார்ப்பார். சத்தங்களையும் நாங்கள் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: (கைதட்டல்), (இருமல்), (சிரிப்பு). அக்கா ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் நகைச்சுவைக்கு (மரியாதைக்குச் சிரிப்பு) என்று போட்டுவிட்டார். முன்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பெரிய மனிதர் தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து அதே நகைச்சுவையை இன்னொரு முறை சொன்னார். அன்றைக்கு மேலதிகாரி அம்மா கூப்பிட்டுப் பிடித்த பிடியில் அக்கா ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

ஆனால் சிரிப்பு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "ஒரு ஜோக்குக்கு எல்லாரும் ஒண்ணாச் சிரிக்கணும்டி. முன்வரிசை ஒரு செகண்டு பிந்திச் சிரிச்சாலும் நம்ம வேலை தோத்துப்போச்சு" என்பார். இதற்குக் காரணம் அவர் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடும் அவர், கடைசல் பட்டறையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. ஒரு குடும்ப விருந்தில் எல்லாரும் ஏதோ சொல்லிச் சிரிக்க, மாமா சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, கடைசியாக, தனியாகச் சிரித்தாராம். "அந்தச் சிரிப்பைப் பார்த்தப்ப என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம், நாற்பத்திரண்டாவது வயதில், தட்டச்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசைமேல் ஒரு பழைய திரை, ஒரு கீபோர்டு. மாமா வாயால் பேசுவார், தெருவுக்கே கேட்கும்படி. அக்கா தட்டிப் பதில் சொல்வார். மாமா பேசி முடித்ததும் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வார். அக்கா தட்டத் தொடங்கியதும் மேசை நடுங்கும். திரையில் எழுத்து வருவதற்குள்ளேயே, "வருது, வருது… கோவமா வருது போலிருக்கே" என்பார். ஃபோனில் பேசினால் தானாக எழுத்தாகிவிடுமே என்று நான் ஒருமுறை கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். மாமா இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "வேற யாரோ பேசற மாதிரி இருக்கும்மா. மேசை சும்மாவே கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பேருந்திலிருந்து இறங்கும்போது அக்கா வழுக்கி விழுந்தார். வலது முழங்கை முறிந்தது. ஆறு வாரக் கட்டு. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் முழங்கையை ஒட்டிப் போகிற நரம்பு நசுங்கியிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. அசையும், மடங்கும், தட்டும். ஆனால் எதைத் தொடுகிறோம் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. நரம்பு மாதத்துக்கு ஒரு அங்குலம் வளர்ந்தால் உண்டு, வளராமலும் போகலாம் என்று மருத்துவர் கையை விரித்தார். அக்கா வீட்டுக்கு வந்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்தார். பதினாறரை அங்குலம். "ஒண்ணரை வருஷம்டி. அதுவரைக்கும் இதுங்க ரெண்டும் என் கையில வாடகைக்கு இருக்கற மாதிரி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த பிறகுதான் விபரீதம் தெரிந்தது. எங்கள் தமிழ்க் கீபோர்டில் ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால், முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். ட-வை இரண்டு முறை தட்டினால் ட்ட. சௌகரியமான ஏற்பாடுதான், விரலுக்கு உணர்வு இருக்கிறவரை. ட இருப்பது வலது மோதிர விரலுக்கு மேலே. அக்கா ஒரு முறை தட்டுவார். பதிந்ததா, இல்லையா? விரல் வாய் திறக்காது. சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் இன்னொரு தட்டு. வீடு வீட்டு ஆயிற்று. முடி முட்டி ஆயிற்று. குடிநீர்க் கூட்டத்தில், "எங்கள் குடி கெட்டது" என்று ஒருவர் ஆவேசப்பட, திரையில் "எங்கள் குட்டி கெட்டது" என்று ஓடியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து கவனமாக வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை. தோல் நோய்கள் பற்றி ஒரு மருத்துவர் பேசினார். ஒரு படத்தைக் காட்டி, "கழுத்துல இந்த மாதிரி சிவப்பா இருந்தா, அது வெறும் பூச்சிக் கடிதான், பயப்பட வேண்டாம்" என்றார். அக்கா தட்டினார். "வெறும் பூச்சிக் கட்டிதான்" என்று திரையில் வந்தது. அடுத்த வாக்கியத்திலும் கட்டி. அதற்கடுத்ததிலும். முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அக்கா எனக்கு முன்பே பார்த்துவிட்டார். அவர் பார்ப்பதே முகங்களைத்தானே. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் சட்டென்று என் கீபோர்டை இழுத்து, "கட்டி அல்ல, கடி. பிழைக்கு வருந்துகிறோம்" என்று போட்டேன். அந்தப் பெண் வாசித்துவிட்டுச் சிரித்தாள், பாவம். அக்கா சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே மேலதிகாரி அம்மாவிடம் போய், "என்னை மேசையிலேருந்து எழுப்பி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மேலதிகாரி அம்மா எதற்கும் முதலில் முடியாது என்றுதான் சொல்வார். விடுப்பா, முடியாது. நாற்காலியா, முடியாது. அரை மணி கழித்து இரண்டும் கிடைக்கும். இதற்கும், "முடியாது, எழுப்ப முடியாது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு வாரம் தர்றேன். நேரலை மேசையில உக்காரக் கூடாது. நாலு வாரம் கழிச்சுப் பத்து நிமிஷம் நானே வாசிப்பேன். அஞ்சு பிழைக்கு மேல போனா பதிவு அறை." பதிவு அறை என்றால் ஒலிப்பதிவைக் கேட்டு நிதானமாகத் தட்டும் இடம். அவசரமில்லை, திருத்திக்கொள்ளலாம். எனக்கு அது ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. அக்காவுக்கு அது காடு. "அங்க யார் முகமும் இருக்காதுடி. யார் சிரிச்சாங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நான் ஒரு யோசனை சொன்னேன். அடுத்தடுத்து வேகமாக வரும் இரண்டாவது தட்டைக் கணினி கண்டுகொள்ளாதபடி அமைத்துவிடலாமே! அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னை எப்படிக் கூப்பிடுற?" "அக்கா." "அதுல எத்தனை க?" எனக்கு உறைத்தது. "நான் அகாவா? நாளைக்குப் பாட்டு எல்லாம் பாடுன்னு வரும், பட்டம் எல்லாம் படம்னு வரும். மிஷினுக்குத் தெரியாதுடி எது வேணும்னு தட்டினது, எது பயந்து தட்டினதுன்னு. என் விரலுக்குத்தான் தெரியணும்."

அப்படித்தான் எடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தோம். மின்பொருள் கடைகள் நிறைந்த கட்டடத்தில், மூன்றாவது மாடி மூலையில் அவர் கடை. கீபோர்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சை மாற்றிக் கொடுப்பவர். எடைக்காரர் என்பது அக்கா வைத்த பெயர். மனிதர் எல்லாவற்றையும் கிராமில்தான் சொல்வார். "இது நாப்பத்தஞ்சு கிராம்ல இறங்கும். இது அறுபத்திரண்டு. இது அறுபத்தேழு, கொஞ்சம் கனம்." "ஏங்க, நான் என்ன காய்கறியா வாங்க வந்திருக்கேன்?" என்று அக்கா கேட்டதும், அவர் தன் தொழிலை யாரோ முதல்முறையாக மதித்துக் கேள்வி கேட்டதுபோல் மலர்ந்துவிட்டார். விரல் எவ்வளவு அழுத்தினால் கீ இறங்கும் என்கிற கணக்காம் அது.

ஸ்விட்சில் மூன்று வகை என்றார். ஒன்று வழுக்கிக்கொண்டே இறங்கும். இன்னொன்று க்ளிக் என்று சத்தம் போடும். மூன்றாவது, பாதி வழியில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கும். அதை வைத்தே எழுத்து பதிந்துவிட்டது என்று விரல் தெரிந்துகொள்ளும். அதற்கு டாக்டைல் என்று பெயர். "உங்களுக்குச் சத்தம் போடறதுதான் சரி. விரலுக்குத் தெரியாட்டியும் காதுக்குத் தெரியுமே" என்று நீல நிறத்தில் ஒன்றை நீட்டினார். அக்கா தட்டிப் பார்த்தார். நாலு கடை தள்ளி ஒருவர் திரும்பிப் பார்த்தார். "வேண்டாங்க. எனக்குச் சொன்னா போதும், ஊருக்கே சொல்ல வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு அந்த மேட்டுக்காரங்களைக் காட்டுங்க."

மேட்டுக்காரர்கள் மட்டும் பதினாறு பேர் இருந்தார்கள். உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் பதினாறையும் வரிசையாகப் பதித்து வைத்திருந்தார் எடைக்காரர். பழுப்பு, ஊதா, பச்சை, பால் வெள்ளை, பழுத்த மஞ்சள். குழந்தைகள் கண்ணில் பட்டால் வாயில் போட்டுக்கொள்ளும். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பலகை அக்காவின் வலது கையிலேயே குடியிருந்தது. பேருந்தில் தட்டுவார். காத்திருக்கும்போது தட்டுவார். என்னோடு பேசும்போது என் பேச்சுக்கு நடுவிலும் தட்டுவார். லிஃப்ட் பொத்தான் பைத்தியம் பிடித்ததும் அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையின் ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் மாமா, நடுவில் பலகை. பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் அக்கா குணச்சான்று எழுதி வைத்திருந்தார். ஒன்று: "மேடு இருக்கு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்குக் காணோம்." நான்கு: "சொந்தக்காரங்க குடுக்கற வாக்கு மாதிரி. தொட்டாத் தெரியுது, அழுத்தினா இல்ல." ஆறாவது, சத்தம் வராமலிருக்க உள்ளே ரப்பர் வைத்தது: "களிமண்ணுல விரலை விட்ட மாதிரி. இதுக்கு வழுக்கலே தேவலை." ஒன்பது: "சம்பந்தியம்மா. கிட்டப் போனாலே முறைக்குது." பதினொன்று: "நம்ம மேலதிகாரி அம்மா. முதல்ல முடியாதுங்குது, அப்புறம் பொசுக்குனு விட்டுக்கொடுக்குது. கிட்டத்தட்டத் தெரியுது. ஆனா நுனிக்கு இல்ல."

மாமாவும் தட்டிப் பார்த்தார். கடைசல் பட்டறை விரலாயிற்றே, தலைமுடி கனத்தில் பாதி பிசிறு இருந்தாலும் தடவிச் சொல்கிறவர். "நாலாவதுல மேடு ஆரம்பத்துலேயே வந்துடுது. ஏழாவதுல பாதியில. பன்னெண்டாவதுல ஸ்பிரிங் லேசா உரசுது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "உங்களுக்கு எல்லாம் தெரியுது. எனக்கு ஒண்ணும் தெரியல. அந்த விரலைக் கழட்டி எனக்குக் குடுங்க." மாமா வாசித்துவிட்டு விரலை நீட்டினார். அக்கா அதைப் பிடித்து ஒரு திருகு திருகினார். "ஐயோ" என்று மாமா கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு அக்காவிடம் தண்ணீர் கேட்ட மாமா, அவர் கொண்டுவந்ததும், "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். "கை வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினார். "கொஞ்சம் படுக்கறியா?" இல்லை. மாமா எழுந்து உள்ளே போனார். அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார், என்னவோ மாமாவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல!

"கவனிச்சியா? மூணு மாசமா இப்படித்தான். முன்னாடி எல்லாம் கேள்வியாக் கேட்டுத் துளைப்பாரு. யாரு வந்தா, என்ன சொன்னா, நீ என்ன சொன்னே, அப்புறம்னு. இப்ப எல்லாம் தலையாட்டற கேள்விதான். என் கைக்கு நோகக் கூடாதாம், பொறுக்கிப் பொறுக்கிக் கேக்கறாரு. இந்த வீட்டுல நான் ஆமா, இல்ல ரெண்டுதான்டி பேசறேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "என் வாய் அவருக்குக் கேக்காது. என் கைதான் அவருக்குக் குரல். அதுவும் திக்குதுன்னா…"

தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மாமா திரும்பி வந்தபோது அக்கா கோபத்தில் பதினொன்றாவதை டொக் டொக் என்று குத்திக்கொண்டிருந்தார். மாமா நின்று அவர் கையையே பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தன் ஆள்காட்டி விரலை அக்காவின் மோதிர விரலின் அடி மூட்டில் வைத்தார். "தட்டு" என்றார். அக்கா தட்டினார். "இன்னொரு தடவை." தட்டினார். மாமா பேசத் தொடங்கினார், மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை: "நீ நுனியைக் கேட்டுக்கிட்டு இருக்கே. அதுதான் தூங்குதே. பட்டறையில பனிநாள்ல எங்க விரலும் இப்படித்தான் மரத்துப்போகும். அப்ப நுனியை நம்ப மாட்டோம், மூட்டைக் கேப்போம். மத்த ஸ்விட்ச் தட்டறப்ப நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், உன் மூட்டு சும்மா இருந்துச்சு. இதுல மட்டும் மேடு சரியறப்ப ஒரு துள்ளு துள்ளுது. கண்ணை மூடிக்கோ. நுனியை மறந்துடு. இங்க கேளு."

அக்கா கண்ணை மூடினார். தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இளகியது. "ஏய்" என்றார் என்னிடம். "ஏய், இருக்குடி. மேடு இருக்கு. விரலோட அடியில இருக்கு." பிறகு இடது கையால் மாமாவுக்குத் தட்டினார்: "இருக்கு." சும்மா ஆமா என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

மறுநாள் எடைக்காரரிடம் ஒரு சண்டை. கீபோர்டு முழுக்கப் பதினொன்றாவதைப் போட்டால் மற்ற எட்டு விரலும் மாலைக்குள் செத்துவிடும், அவ்வளவு கனம். ஆகவே அந்த இரண்டு விரல் தட்டும் கீகளுக்கு மட்டும் பதினொன்று, மற்றதெல்லாம் பழையபடி லேசானது என்று அக்கா முடிவு கட்டியிருந்தார். எடைக்காரர் பதறிப்போனார். "ஒரே கீபோர்டுல ரெண்டு ரகமா? என் வாழ்க்கையில செஞ்சதில்லைங்க. சத்தமே ரெண்டு விதமா வரும்." அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "காது கேக்காதவரும் விரல் மரத்தவளும் ஒரே வீட்டுல குடித்தனம் நடத்தறோம். உங்க கீபோர்டு நடத்தாதா?" அவர் ஸ்விட்ச் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார்.

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் அக்கா பயிற்சி செய்தார். கடி கட்டி கடி கட்டி. முடி முட்டி முடி முட்டி. பக்கம் பக்கமாக இதே. மாமா பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்து, "யாரைக் கடிக்கப் போறே?" என்று கேட்டாராம். முதல் மூன்று நாள் பத்துக்கு நாலு தப்பு. பிறகு இரண்டு. பிறகு அரைநாளுக்கு ஒன்று. பதினொன்றாவது கொஞ்சம் சத்தக்காரன் என்பதால் கம்பளித் துணியை நான்குக்குப் பதில் எட்டாக மடித்துப் போட்டுக்கொண்டார்.

தேர்வு நாளில் நானும் கூடப் போய் ஓரமாக நின்றேன். சின்னக் கூட்ட அறை. அக்கா செருப்பைக் கழற்றினார், வலமிருந்து இடமாக ஒரு துடை, துணி, கீபோர்டு. எதிரே மேலதிகாரி அம்மா ஒரு காகிதத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். அடிப்பாவி! ட இல்லாத சொல்லே கிடையாது. வீடு, நாடு, மேடு, காடு, படிக்கட்டு, கடன்பட்டவர், பாடுபட்டவர். உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பார்ப்பதற்கு முன்வரிசை இல்லாததால் மேலதிகாரி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினார். ஏழாவது நிமிடம் அந்த அம்மா நிமிராமல் வாசித்தார்: "பயப்பட வேண்டாம், அது வெறும் பூச்சிக் கடிதான்."

அக்காவின் விரல் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். வாசிக்கிறவரும் நின்றுவிட்டார். நான் நகத்தைக் கடித்தேன். மோதிர விரல் இறங்கியது, ஒரு முறை. மேலே வந்தது. இரண்டாவது முறை இறங்கவில்லை. திரையில் "கடிதான்" என்று வந்தது.

பத்து நிமிடம் முடிந்தபோது மூன்று பிழை. மூன்றும் வேறு எழுத்து. ட-வில் ஒன்றுகூட இல்லை. மேலதிகாரி அம்மா திரையை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "முடியாதுன்னுதான் நெனச்சேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கக்கிழமை மேசைக்கு வந்துடுங்க. அந்த ஸ்விட்சுக்கு ஏதாவது பேர் இருக்கா?" அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "பதினொண்ணுன்னு சொல்லுவோம்மா" என்றார் அக்கா, பச்சைக் குழந்தை மாதிரி.

கீபோர்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். பாதி வழியில், "கடின்னு வந்தப்ப அந்தப் பொண்ணு முகம் வந்துச்சுடி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த விரலுக்குத் தெரிந்தது என்று கேட்கவில்லை.

மாமா மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயே இருந்திருப்பார் போல. தேநீர் ஆடை படிந்து கிடந்தது. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். எழுந்தார். வழக்கம்போல ஒற்றைச் சொல்லாக, "ஆச்சா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். துணியைப் பழக்கத்தில் எட்டாக மடித்து மேசைமேல் போட்டு, அதன்மேல் கீபோர்டை வைத்துத் திரையோடு இணைத்தார். இரண்டு கையையும் கீகளின் மேல் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக் காத்திருந்தார். மாமாவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு கையையும் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"என்ன நடந்துச்சு?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "அந்தம்மா என்ன வாசிச்சாங்க? நீ என்ன பண்ணினே? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க? ஆரம்பத்துலேருந்து சொல்லு, ஒண்ணு விடாம." சொல்லிவிட்டு வலது உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

அக்கா கீபோர்டை ஒரு பக்கமாகத் தூக்கி, அடியில் எட்டாக மடித்துக் கிடந்த கம்பளித் துணியை உருவியெடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மாமாவின் உள்ளங்கை காத்திருந்த வெறும் மேசைமேல் கீபோர்டை வைத்தார்.